பத்தாவது அத்தியாயத்தில் நின்றுபோகும் காதல் கதை

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மூன்று காதல் நாவல்கள் தொடங்கினேன். மூன்றுமே பத்தாவது அத்தியாயத்தை ஒட்டி நின்றுவிட்டன. நீங்கள் எப்படித் தொடர்ந்து எழுதி முடிக்கிறீர்கள்? தினமும் எப்போது எழுதுவீர்கள்? கதையை முன்கூட்டியே முழுசாக யோசித்துவிடுவீர்களா? இன்னொன்று, நெருக்கமான காட்சிகள் எழுதக் கூச்சமாக இருக்கிறது, மாமியார் வீட்டில் யாராவது படித்தால் என்ன ஆகும் என்று பயம்." மூன்று கதைகளின் சுருக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

கூச்சத்தைப் பற்றிக் கடைசியில் பேசலாம். கதை ஏன் நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மற்றக் கேள்விகளுக்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் மூன்று சுருக்கங்களும் ஒரே வழியில் போகின்றன. முதல் அத்தியாயத்தில் மோதல், நாலாவதில் மனம் இளகுகிறது, ஏழாவதில் மழை, ஒன்பதாவதில் இருவருக்கும் காதல் வந்துவிட்டது. பத்தாவதில் உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இல்லை. இருவரும் மனம் திறந்து ஐந்து நிமிடம் பேசினால் கதை முடிந்துவிடும், அவர்கள் பேசாமல் இருக்க உங்களிடம் காரணம் இல்லை. அதனால்தான் அத்தை மகளைக் கொண்டுவந்து நாயகனைக் கட்டிப்பிடிக்க வைக்கிறீர்கள், நாயகி தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிடுகிறாள். ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகும் சண்டை அது. வாசகிக்கும் அது தெரியும், உங்களுக்கும் தெரியும். கை நகர மறுப்பது அதனால்தான்.

காதல் கதையை ஈர்ப்பு தொடங்கிவைக்கும், அவ்வளவுதான். அதன் பிறகு கதையை இழுத்துப்போவது இருவருக்கும் நடுவில் நிற்கும் தடை. இருவரும் நல்லவர்களாக, நியாயமானவர்களாக இருந்தும் சேர முடியாத ஒரு காரணம் வேண்டும். நான் ஒரு நாவலுக்கு முதலில் தேடுவது இதைத்தான். பெயர், ஊர், முதல் சந்திப்பு எல்லாம் அப்புறம். தடை கிடைக்கும்வரை ஒரு வரிகூட எழுத மாட்டேன், நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். கோலார் தங்கவயலில் இருக்கும் ஒரு பெண். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அவருக்கு அப்போது முப்பது வயதுதான், ஆனால் பாறைத் தூசி நுரையீரலுக்குள் போய்விட்டது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வரும் சிலிகோசிஸ். இன்னும் அந்தக் கம்பெனி வீட்டில்தான் இருக்கிறார், விட்டு வர மாட்டார். மகள் விடிவதற்கு முன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக ஒயிட்ஃபீல்டில் இறங்கி வேலைக்குப் போகிறாள். போக வர, நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே போய்விடுகிறது. தங்கவயல்காரர்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் தினமும் பெங்களூர் வந்து போகிறார்கள். நாயகன் கோயம்புத்தூர்ப் பையன், அதே அலுவலகம். குடும்பக் கடன் அடைய வேண்டுமானால் வெளிநாட்டு வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தங்கையின் படிப்பு நின்றுவிடும். அவன் போகாமல் இருக்க முடியாது, அவள் அப்பாவை விட்டு நகர முடியாது. இதில் வில்லன் யார்? யாரும் இல்லை. இருவரும் மனம் விட்டு எவ்வளவு பேசினாலும் தடை அப்படியே நிற்கும். பேசப் பேச அதன் கனம்தான் கூடும். இந்த மாதிரி ஒன்று கையில் இருந்தால் பத்தாவது அத்தியாயத்தில் சொல்ல வேண்டியது ஏராளமாக இருக்கும்.

முன்கூட்டியே முழுசாக யோசிப்பீர்களா என்று கேட்டீர்கள். தடையையும் முடிவையும் யோசித்துவிடுவேன், நடுவில் வருவதை யோசிப்பதில்லை. காதல் நாவல் வாசகிக்கு முடிவில் இருவரும் சேர்வார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும், அந்த நம்பிக்கையில்தான் படிக்கிறாள். சேர்வார்களா என்ற கேள்வியை விட்டுவிட்டு, யார் எதை விட்டுக்கொடுத்துச் சேர்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டிவைப்பேன். அந்த வரிக்கு ஒத்துவராத காட்சி எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் எடுத்துவிடுவேன்.

முடிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் செய்த ஒரு காரியம் என் நினைவுக்கு வரும். 'பெர்சுவேஷன்' நாவலை அவர் 1816 ஜூலையில் ஒரு தடவை முடித்துவிட்டார். எட்டு வருடம் முன்னால் பிரிந்த இருவர் மறுபடி சேரும் கதை. முதலில் எழுதிய முடிவில், நாயகனின் உறவினரான ஒரு கடற்படை அதிகாரி ஒரு கேள்வியைக் கேட்டுவரச் சொல்லி நாயகனை நாயகியிடம் அனுப்புகிறார், அந்தப் பேச்சில் இருவருக்கும் உண்மை தெரிந்துவிடுகிறது. ஆஸ்டினுக்கு அது பிடிக்கவில்லை. அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். புதிய முடிவில், நாயகி வேறொருவரிடம் பெண்களின் காதல் எவ்வளவு நாள் நிலைக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறாள், நாயகன் அதே அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். அவர் ஒதுக்கிய பக்கங்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாக இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், எந்த எழுத்துப் பட்டறையிலும் கிடைக்காத பாடம் அது. முதல் முடிவில் அடுத்தவர் தயவில் தடை விலகுகிறது. இரண்டாவதில் எட்டு வருடம் வாய் திறக்காத இருவர் தாங்களே வாய் திறக்கிறார்கள். நம் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் பாட்டி வந்து எல்லோருக்கும் புத்தி சொல்லிச் சேர்த்துவைக்கிறாரே, அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சரி, தினசரிப் பழக்கத்துக்கு வருகிறேன்.

நான் விடிகாலையில் எழுதுகிறேன். பெங்களூர் அல்சூரில் பால் வண்டி சத்தம் கேட்கும்போது எழுந்து, வீட்டில் மற்றவர்கள் எழுவதற்குள் முடித்துவிடுவேன். காலைதான் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். இரவு பிள்ளை தூங்கிய பிறகு எழுதும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள், அலுவலகம் போகும் கேப் வண்டியில் போனிலேயே டைப் அடித்து முழு நாவலை முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக் அவர்களுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கிறது. முக்கியம், நேரம் மாறாமல் இருப்பது. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நேற்று விட்ட இடத்தில் இருந்த மனநிலை சீக்கிரம் திரும்ப வரும். காதல் கதைக்கு இது ரொம்ப அவசியம். துப்பறியும் கதையில் நேற்று என்ன தடயம் கிடைத்தது என்று குறிப்பைப் பார்த்துத் தொடரலாம். நாயகியின் கோபம் நேற்று எந்த அளவில் இருந்தது என்பதை எந்தக் குறிப்பும் சொல்லாது.

வேலையில் இருந்துகொண்டு எழுதுவது பற்றிக் கவலைப்படுகிறீர்கள். ஆண்டனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறை உத்தியோகஸ்தர். காலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பார். எழுப்பிவிட்டு காபி கொண்டுவரவே வேலைக்காரருக்கு வருடம் ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை எழுதிவிட்டு அலுவலகம் போவார். அவருடைய வேகம் நமக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு 500 வார்த்தை வந்தால் நாலு மாதத்தில் 60,000 வார்த்தை ஆகிவிடும், ஒரு நாவலுக்கு அது போதும். நேற்று எழுதியதன் கடைசி ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து தினமும் திருத்த ஆரம்பித்தால் முதல் மூன்று அத்தியாயம் மெருகேறிக்கொண்டே போகும், பத்தாவது வரவே வராது.

கை ஓயாமல் வேலை இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, வாயால் சொல்லிப் பதிவது. போனில் தமிழில் பேசினாலே இப்போது எழுத்தாகிவிடுகிறது. இதைக் குறைவாக நினைக்காதீர்கள். தமிழ் நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி ஆரம்பத்தில் எழுதப் பழகாதவர். தன் கதையைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லித்தான் எழுதவைத்தார். அப்படித் தொடங்கியவர்தான் 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, நூற்றுக்கும் மேல் நாவல்கள் எழுதினார். வாயால் சொல்லும்போது உரையாடல் இயல்பாக வரும், வர்ணனைதான் சற்று இழுக்கும். நான் சண்டைக் காட்சிகளை மட்டும் இப்படிப் பேசிப் பதிவேன்.

அடுத்தது தகவல் சேகரிப்பு. காதல் கதைக்கு எதற்கு என்று கேட்பார்கள். தடை நிஜமாக இருக்க வேண்டுமென்றால் அது நிற்கும் உலகமும் நிஜமாக இருக்க வேண்டும். இணையத்தில் ஓடும் ஒப்பந்தக் கல்யாணக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆறு மாதம் கணவன் மனைவியாக நடிப்போம், அப்புறம் விவாகரத்து' என்று நாயகன் கையெழுத்து வாங்குகிறான். இந்து திருமணச் சட்டத்தில், விதிவிலக்கான கஷ்டம் என்று நீதிமன்றமே அனுமதித்தால் ஒழிய, கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து மனுவே போட முடியாது. இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றாலும் ஒரு வருடம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு பொதுவாக இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது தெரிந்த எழுத்தாளருக்கு எவ்வளவு லாபம் பாருங்கள்! ஆறே மாதம் என்று நினைத்து மாட்டிக்கொண்ட இருவர், பிரிவதற்காகவே ஒரு வருடம் விலகி இருக்க வேண்டிய நிலை. விலகி இருக்கும்போதுதான் காதல் வருகிறது. சட்டமே உங்களுக்குக் கதை சொல்லிக் கொடுக்கிறது.

அதேபோல, சாதியோ மதமோ மாறிக் கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிகளைப் பலர் ஒரே நாளில் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்ற வைத்துவிடுகிறார்கள். சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும், ஆட்சேபத்துக்கு 30 நாள் அவகாசம், கல்யாணத்தன்று மூன்று சாட்சிகள். வீட்டுக்குத் தெரியாமல் பெங்களூரில் பதிவு செய்ய வந்த ஒரு மதுரை ஜோடிக்கு இந்த 30 நாள் எப்படி இருக்கும்? பெயரும் முகவரியுமாக அங்கே தொங்கும் அந்த நோட்டீஸை யார் பார்த்துவிடுவார்கள்? இன்னொரு விஷயம், புரோகிதர் இல்லாமல் உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த 1967ஆம் வருடத் திருத்தம் தமிழ்நாட்டுக்கானது. கர்நாடகத்தில் நடப்பதாக எழுதும்போது அதை மறந்துவிடக் கூடாது.

ஊரும் காலமும் அப்படித்தான். 2022இல் நடக்கும் கதையில் எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏறி நேராக ஒயிட்ஃபீல்டில் இறங்க முடியாது, அந்தத் தடம் முழுசாக இணைந்தது 2023 அக்டோபரில்தான். பெங்களூரில் ஏப்ரல், மே மாலைகளில் திடீரென்று இடியோடு மழை வரும். தெருவோரம் ரோஸ் நிறப் பூ கொட்டிக் கிடப்பது வருடத்தின் முதல் சில மாதங்களில். வாசகிகளில் பாதிப் பேர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், ஒரு இடத்தில் நம்பிக்கை விட்டுப்போனால் காதலிலும் விட்டுப்போகும்.

உரையாடலுக்கு வருவோம். நான் திருத்தும்போது அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். மேலே சொன்ன தங்கவயல் பெண்ணின் கதையில், அவன் வெளிநாடு கிளம்பும் முந்தைய வாரம், ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷனில் மாலை ரயிலுக்கு நிற்கிறார்கள். முதல் வரைவில் யாருக்கும் கை தானாக எழுதிவிடும் வசனம், "நீ இல்லாத ஒவ்வொரு நொடியும் எனக்கு நரகம்" என்பது மாதிரி. அதை விட்டுவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்:

"டிக்கெட் எடுத்துட்டியா?"

"சீசன் பாஸ் இருக்கே."

"தெரியும். சும்மா கேட்டேன்."

ரயில் வந்து நின்றது. அவன் பையிலிருந்து ஒரு மருந்துக் கவரை எடுத்து நீட்டினான். "அப்பாவுக்கு இன்ஹேலர் தீரப் போகுதுன்னு சொன்னியே."

அவள் பிரித்துப் பார்த்தாள். இரண்டு இருந்தன. "ஒண்ணு போதுமே."

"இன்னொண்ணு அடுத்த மாசத்துக்கு."

அடுத்த மாதம் அவன் இங்கே இருக்க மாட்டான்.

காதல் என்ற சொல்லே இதில் வரவில்லை. அவளைத் தடுத்து நிறுத்தும் அப்பாவின் நோயையே அவன் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறான், தடையும் காதலும் ஒரே மருந்துக் கவரில் வந்துவிடுகின்றன. இப்படி ஒரு பொருளைக் கண்டுபிடிக்கத்தான் திருத்தும் நாட்கள் எல்லாம். எழுதி முடித்ததும் சத்தமாகப் படிப்பேன். மூச்சு முட்டும் இடம், நாக்கு தடுக்கும் இடம் எல்லாவற்றையும் வெட்டுவேன். மெட்ரோவில் முதல் பெட்டியில் பெண்களுக்கான பகுதியில் நின்றுகொண்டு போனால் ஒரு வாரத்துக்கு வேண்டிய பேச்சு காதில் விழும். இந்த ஊர் ஸ்ரீராமபுரத்துத் தமிழும் புதிதாக வந்த திருநெல்வேலித் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நாலு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பத்துப் பையனை மதுரைப் பையன் மாதிரி பேசவைத்துவிடாதீர்கள்.

தொடராக வெளியிடுவதாக இருந்தால் ஒரு கட்டுப்பாடு வேண்டும். குறைந்தது பத்து எபி (எபிசோடு) கையிருப்பில் இல்லாமல் முதல் யூடி (அப்டேட்) போடாதீர்கள். கருத்துகள் வரத் தொடங்கியதும் 'ஹீரோவை இவ்வளவு அழ வைக்காதீங்க, சீக்கிரம் சேர்த்து வைங்க' என்பார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், அந்த அன்பில் எழுத்தாளரின் மனம் இளகத்தான் செய்யும். கையிருப்பு இல்லாதவர் அன்றிரவே சேர்த்துவைத்துவிடுவார், அடுத்த நாள் எழுத எதுவும் இருக்காது. கையிருப்பு இருந்தால் கருத்துகளைப் படித்து, எந்த இடம் புரியவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, தடையைத் தொடாமல் விடலாம்.

ஆன்டி ஹீரோ கதைக்குத்தான் வரவேற்பு, அப்படி எழுதலாமா என்று உங்கள் மூன்றாவது சுருக்கத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். முரடன், வாய்த் துடுக்கு, கர்வம் பிடித்தவன் எல்லாம் தாராளமாக எழுதுங்கள், நானே விரும்பிப் படிப்பேன். அவளை அறைகிறவனை, சம்மதம் இல்லாமல் தொடுகிறவனைக் கடைசி இரண்டு எபியில் மன்னிப்புக் கேட்கவைத்து நாயகன் ஆக்குவதை மட்டும் செய்யாதீர்கள். அப்படி ஒருவன் இருக்கும் வீட்டிலிருந்து வெளியே வர முடியாமல் அதே கதையைப் படித்துக்கொண்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பொறுத்துப் போனால் அவன் மாறிவிடுவான் என்று அவளுக்கு நாம் சொல்லக் கூடாது. கதைக்கணக்கிலும் அது நஷ்டம்தான். அடி ஒரு தடை ஆகாது, அவள் விலகிப் போவதற்கான காரணம் அது. அவள் விலகிப் போவதுதான் நியாயம் என்று வாசகி நினைத்துவிட்டால், நீங்கள் சேர்த்துவைக்கும் எந்த முடிவும் சந்தோஷமாக இருக்காது.

கடைசியாகக் கூச்சம். நெருக்கமான காட்சியை உடலிலிருந்து தொடங்கினால் யாருக்கும் கூச்சம் வரும். அந்தக் காட்சிக்கு முன்னால் இல்லாத எது பின்னால் இருக்கிறது என்று கேளுங்கள். அதுவரை சொல்லாத ஒன்றை அவள் சொல்கிறாளா, அவனுடைய ஒரு பயம் வெளியே வருகிறதா? எதுவும் மாறவில்லை என்றால் காட்சியே வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு அடுத்த நாள் காலைக்குப் போய்விடலாம். மாறுகிறது என்றால் அந்த மாற்றத்தை எழுதுங்கள், எவ்வளவு தூரம் விவரிப்பது என்பதை அதுவே முடிவு செய்துவிடும். சத்தமாகப் படிக்கும் பழக்கம் இங்கேயும் உதவும். தனியாக இருக்கும்போதே வாய்விட்டுப் படிக்க முடியாத வரி பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது, எங்கேயோ படித்த வரியாக இருக்கும்.

மாமியார் வீட்டுப் பயத்துக்குப் புனைபெயர் போதும். கிண்டிலில் சொந்தமாக வெளியிட்டாலும் கணக்கு, பான், வங்கி விவரம் எல்லாம் உங்கள் உண்மைப் பெயரில் இருக்கும், புத்தகத்தின் மேல் மட்டும் புனைபெயர் வரும். அந்தப் பெயருக்குத் தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு வாட்ஸ்அப் எண்ணை எந்த வாசகர் குழுவிலும் கொடுக்காதீர்கள், வரும் பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள். உங்கள் மூன்று கதைகளில் இரண்டாவதை எடுங்கள், அந்த நர்ஸ் கதை. அவளுக்கு இரவு ஷிஃப்ட், அவனுக்குப் பகல் ஷிஃப்ட் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, தடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அத்தை மகளை எடுத்துவிட்டு, ஷிஃப்ட் மாற்றிக் கேட்டால் அவள் எதை இழப்பாள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.